உப்புக் காற்றில் ஒரு டிரில்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போகக் கூடாது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகட்டும் என்று விடுகிற இந்தத் தடைக்காலத்தில் கடலில் வேலை நின்றுவிடும். கரையில் தச்சருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. இராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் என்று எந்தக் கரைக்குப் போனாலும் படகுகளை மேலே ஏற்றி வைத்திருப்பார்கள். இற்ற பலகையைப் பெயர்த்து, அடிக்கட்டையான ஏராவையும் விலாக்கட்டைகளான வங்குகளையும் தட்டிப் பார்த்து, புதுப் பலகை ஏற்றி, இடுக்குகளில் கலப்பத்து அடித்து, சாயம் பூசி, கடலுக்குப் போக டோக்கன் கொடுக்கும் நாளுக்குள் படகை இறக்கியாக வேண்டும். வாய்ச்சியும் உளியும் துறப்பணமும் செய்த வேலையில் பெரும்பகுதியை இன்று டிரில்லும் கட்டரும் பிளானரும் கிரைண்டரும் செய்கின்றன.

தச்சர்கள் பலரும் இப்போது கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. வயர் போட்ட சாதாரண டிரில் இரண்டு மூன்று ஆயிரத்துக்குக் கிடைக்கிறது. 'பிரஷ்லெஸ்' மோட்டாரும் லித்தியம் பேட்டரியும் சேர்ந்த புது டிரில், இரண்டு பேட்டரி, சார்ஜர் என்று எடுத்தால் பத்தாயிரத்தைத் தாண்டிவிடும். அந்தக் காசுக்கு அது தகுமா?

இந்தக் கடற்கரையில் டிரில்லுக்குத் தகும், ரம்பத்துக்குப் பெரும்பாலும் தகாது என்பது என் முடிவு. இரண்டுக்கும் முன்னால் செலவழிக்க வேண்டிய இடம் வேறொன்று இருக்கிறது. இந்த முடிவுக்கு வர மோட்டாருக்குள்ளும் மரத்துக்குள்ளும், பாம்பன் காற்றுக்குள்ளும் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

பழைய டிரில் ஓடும்போது அதன் காற்றுத் துளை வழியே பார்த்தால் நீலப் பொறி பறப்பது தெரியும். உள்ளே ஆர்மேச்சரில் சுற்றியிருக்கும் செம்புக் கம்பிக்கு மின்சாரம் போக வேண்டும். அந்த ஆர்மேச்சரோ நிமிடத்துக்கு இருபதாயிரம், இருபத்தைந்தாயிரம் தடவை சுற்றுகிறது. நேரே வயரை இணைத்தால் நொடியில் முறுக்கி அறுந்துவிடும். அதனால் இரண்டு கரிக்கட்டிகளை ஸ்பிரிங் வைத்து, அச்சில் பதித்த செம்புத் துண்டுகளின்மேல் அழுத்தி உரச விடுகிறார்கள். தச்சர்கள் 'கார்பன்' என்று சொல்வது இதைத்தான். உரசலில் மின்சாரம் உள்ளே போகிறது. ஒவ்வொரு செம்புத் துண்டும் கரியைத் தாண்டும்போது மின்சாரம் திசை மாறி, சுற்றல் தொடர்கிறது. வீட்டு மிக்ஸியில் இருப்பதும் இதே வகை மோட்டார்தான். 1895இல் ஜெர்மனியின் ஃபைன் நிறுவனம் கையில் தூக்கும் மின்சார டிரில்லைச் செய்த காலத்திலிருந்து இந்த உரசல் கூடவே வந்துகொண்டிருக்கிறது.

பிரஷ்லெஸ் மோட்டாரில் ஏற்பாடு தலைகீழ். கம்பிச் சுருள் வெளியே அசையாமல் நிற்கிறது. உள்ளே சுற்றுவது காந்தம். சுருள்களுக்கு எந்த நேரத்தில் எந்தத் திசையில் மின்சாரம் விடுவது என்பதை ஒரு சிறு மின்னணுப் பலகை முடிவு செய்கிறது. காந்தம் எந்த நிலையில் நிற்கிறது என்று உணர்ந்து, நொடிக்குப் பல ஆயிரம் முறை மின்சாரத்தைத் திறந்து மூடுகிறது. கரியும் பொறியும் போய்விட்டன. பி.எல்.டி.சி. மின்விசிறியின் தத்துவமும் இதுவே.

அந்தக் காந்தம் நியோடிமியம் என்ற அருமண் உலோகத்தோடு இரும்பும் போரானும் சேர்ந்தது. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே கண்டுபிடிக்கப்பட்டது. நியோடிமியம் கலந்திருக்கும் மோனசைட் மணல் நம் தென்கோடியில், மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும்.

உரசல் போனதால் என்ன லாபம்? பொதுவாகச் சொன்னால், கரி வைத்த சிறு மோட்டார் தான் வாங்கும் மின்சாரத்தில் 75 சதவீதத்தை வேலையாக மாற்றும். பிரஷ்லெஸ் 85 சதவீதத்தை. பத்து சதவீதம்தானே என்று தோன்றும். வீணாகும் பக்கத்திலிருந்து பாருங்கள்: வெப்பமாகப் போவது 25இலிருந்து 15ஆகக் குறைகிறது. அதாவது மோட்டார் சூடாவது ஐந்தில் இரண்டு பங்கு குறைந்துவிட்டது. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு மோட்டார் எவ்வளவு வேலை செய்யலாம் என்பதைத் தீர்மானிப்பது அதன் சூடுதான். சூடு குறைந்தால் அதே அளவு மோட்டாரிலிருந்து கூடுதல் வேலை வாங்கலாம்.

சுவர் பிளக்கில் மாட்டி ஓட்டும் மெஷினுக்கு இந்த லாபம் பெரிதல்ல. ஆயிரம் வாட் ரம்பம் ஒரு நாளில் மொத்தம் இரண்டு மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டாலும், மிச்சமாவது ஏறக்குறைய கால் யூனிட். அதற்காக ஆயிரக்கணக்கில் கொடுப்பது வீண். பேட்டரிக்கு வந்தால் கணக்கு மாறுகிறது. 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 90 வாட்-மணி. ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அவ்வளவுதான் கையிருப்பு என்னும்போது ஒவ்வொரு துளியும் கணக்கு.

அந்தக் கையிருப்பை வைத்து என்ன செய்யலாம்? டிரில் 300 வாட் எடுத்து பத்து விநாடியில் ஒரு துளை போடுகிறது என்றால் நூறு துளைக்கு மேல் வரும். கனத்த பலகையை அறுக்கும் வட்ட ரம்பம் 900 வாட் இழுத்தால் அதே பேட்டரி ஆறு நிமிடத்தில் தீர்ந்துவிடும். துளை என்பது விட்டு விட்டுச் செய்யும் வேலை. அறுப்பது தொடர்ந்து செய்யும் வேலை. நான் டிரில்லையும் ரம்பத்தையும் பிரித்துப் பேசுவதற்கு முதல் காரணம் இது.

கடையில் '20 வோல்ட் மேக்ஸ்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து 18 வோல்ட்டைவிடச் சக்தி கூடியது என்று எண்ண வேண்டாம். இரண்டிலும் இருப்பது வரிசையாக இணைத்த ஐந்து லித்தியம் செல்தான். ஒரு செல் சராசரியாக 3.6 வோல்ட் கொடுக்கும், ஐந்துக்கு 18. முழுக்க சார்ஜ் ஏறிய வேளையில் அந்த மதிப்பு 20ஐத் தாண்டும். லேபிள்தான் வேறு, பேட்டரி ஒன்றே.

இனி காற்றுக்கு வருவோம். 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தைத் துருவிலிருந்து காப்பாற்றுவதே ரயில்வேக்கு ஒரு நூற்றாண்டு வேலையாக இருந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் பூச்சும் தேவைப்பட்டன. காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், கடல் காற்று உலோகத்தை எப்படி அரிக்கிறது என்று பார்க்க மண்டபத்தில் ஒரு நிலையமே வைத்திருக்கிறது. துரு, பேட்டரி இரண்டுமே மின்வேதியியல். அந்த நிறுவனம் லித்தியம் பேட்டரியிலும் ஆராய்ச்சி செய்கிறது.

மழை ஒரு சொட்டு இல்லாத மே மாதத்திலும் இங்கே டிரில் பிட் துருப்பிடிப்பது ஏன்? அலை உடையும்போது பறக்கும் நுண்துளி காற்றில் காய்ந்து உப்புத் துகளாகி எதன்மேலும் படிகிறது. சுத்தமான சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீரை இழுத்துக் கரையும். கடல் உப்பில் கூடவே மெக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. வாலிநோக்கம் போன்ற உப்பளங்களில் உப்பை வாரியபின் மிஞ்சும் கசப்பு நீரில் அதுதான் நிறைய இருக்கும். அதற்கு 33 சதவீத ஈரப்பதமே போதும். கடலோரக் காற்று அதைவிட வறண்டு போவது அபூர்வம். ஆகவே கரையில் வைத்த உலோகத்தின்மேல் கண்ணுக்குத் தெரியாத உப்பு நீர்ப்படலம் அநேகமாக எப்போதும் இருக்கிறது. இரும்பு தன்மேல் போர்த்திக்கொள்ளும் ஆக்சைடு படலத்தைக் குளோரைடு துளைத்துவிடும். படலத்திலுள்ள நீர் மின்சாரத்தைக் கடத்தும். துரு நிற்காமல் நடக்கும்.

இந்தக் காற்றைத்தான் மோட்டாரின் விசிறி உள்ளே இழுக்கிறது, மரத்தூளோடு சேர்த்து. கரி உரசும் செம்பு வளையத்தில் உப்பும் தூளும் கரிப்பொடியும் படிந்தால் பொறி கூடும், செம்பு தீயும். பிரஷ்லெஸ்ஸில் உரசும் இடமே இல்லை என்பதால் இந்தக் கேடும் இல்லை. நியோடிமியம் காந்தம் எளிதில் துருப்பிடிக்கும் என்றாலும், அதற்கு நிக்கல் போன்ற பூச்சு கொடுத்தே வைக்கிறார்கள். மின்னணுப் பலகையைப் பிசினில் முழுக்காட்டி மூடியிருக்கிறார்களா என்பதுதான் விலை கூடிய மெஷினுக்கும் மலிவான நகலுக்கும் உள்ள வித்தியாசம். கடையில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே.

இன்னொரு பக்கமும் உண்டு. கார்பன் தேய்ந்தால் சொற்பக் காசுக்குப் புதுக் கார்பன் வாங்கிப் பத்து நிமிடத்தில் மாட்டிவிடலாம். ஆர்மேச்சர் எரிந்தாலும் சுற்றிக் கொடுக்க ஊரில் ஆள் இருப்பார். பிரஷ்லெஸ்ஸில் பலகை போய்விட்டால் அந்தப் பலகையையே மாற்ற வேண்டும். சர்வீஸ் சென்டர் பெரும்பாலும் மதுரையில். 61 நாள் வேலையில் ஒரு வாரம் மெஷின் இல்லாமல் இருப்பது என்ன இழப்பு என்று தச்சருக்குத்தான் தெரியும். எனவே பழைய வயர் மெஷினை விற்றுவிடாதீர்கள், பக்கத்தில் இருக்கட்டும்.

டிரில்லுக்குத் தகும் என்று நான் உறுதியாகச் சொல்ல முதன்மைக் காரணம் மோட்டாரே அல்ல, வயர் இல்லாததுதான். படகுக்கு அடியில் ஈர மணலில் வெறுங்காலோடு உட்கார்ந்து, எங்கிருந்தோ இழுத்து வந்த ஒட்டுப்போட்ட வயரில் 230 வோல்ட் மெஷினைப் பிடித்து வேலை செய்கிறவர்கள் இந்தக் கரையில் இருக்கிறார்கள். உப்பு நீரில் நனைந்த தோல் மின்சாரத்துக்குக் கதவைத் திறந்து வைக்கிறது. 18 வோல்ட் பேட்டரி டிரில்லில் அந்த மாதிரி ஷாக்குக்கு வழியில்லை. அதை வாங்க இப்போது கையில் காசில்லை என்றால், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யை அந்த வயருக்கு முன்னால் போடுங்கள். ஒரு உயிரோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமே இல்லை.

ஃபைபர் வேலை நடக்கிற இடத்தில் கவனம் இன்னும் வேண்டும். மரப்படகுக்கு மேல் ஃபைபர் போர்த்துவது இப்போது சாதாரணம். அந்த ரெசினிலிருந்து கிளம்பும் ஸ்டைரின் ஆவி 31 டிகிரி வெப்பத்திலேயே தீப்பற்றும் அளவுக்குச் சேரும். மே மாதத்தில் நம் நிழலே அதைவிடச் சூடு. பொறி பறக்கும் கார்பன் மெஷினை அந்தப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. பிரஷ்லெஸ்ஸில் அந்தப் பொறி இல்லை. ஆனாலும் ஆவி அடங்கும்வரை எந்த மெஷினையும் தள்ளி வைப்பதே நல்லது.

இனி ரம்பம். 185 மி.மீ. பிளேடு நிமிடத்துக்கு 5,500 தடவை சுற்றினால் அதன் பல் மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 24 பல் உள்ள பிளேடு நொடிக்கு 2,200 முறை மரத்தைக் கடிக்கிறது. நிமிடத்துக்கு மூன்று மீட்டர் வீதம் நீங்கள் ரம்பத்தைத் தள்ளினால், ஒவ்வொரு பல்லும் எடுக்கும் துகளின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று. பல்லின் முனை அந்த அளவுக்கு மழுங்கிவிட்டால் அது மரத்தை வெட்டாது, தேய்க்கும். மரம் கருகும், மோட்டார் முனகும், பேட்டரி வடியும். முனை மழுங்கிய பிளேடோடு எவ்வளவு விலை உயர்ந்த மோட்டாரைப் பூட்டினாலும், நீங்கள் வாங்கியது சூடுதான்.

இராமநாதபுரத்து மரங்களுக்கு இது இன்னும் பொருந்தும். பனையை எடுத்துக்கொள்ளுங்கள். வேம்புக்கும் கருவேலத்துக்கும் வைரம் நடுவில். பனைக்கு வெளிச்சுற்றில், நடுவில் இருப்பது சோறு. வெளியே காழ் உள்ளதைப் புல் வகை என்றும் உள்ளே காழ் உள்ளதை மரம் என்றும் தொல்காப்பியர் அன்றே பிரித்து வைத்தார். பனை, புல், மூங்கில் எல்லாம் ஒருவித்திலைத் தாவரங்கள் என்று இன்றைய தாவரவியல் ஒரே கூட்டத்தில் வைக்கிறது. கூரைக்குப் பனங்கை அறுக்கும்போது பிளேடு முதலில் மோதுவதே கெட்டியான பகுதியில். போதாக்குறைக்குப் பனைக் குடும்பத்தின் திசுக்களில் சிலிக்கா துகள்கள் உண்டு. மணலின் அதே பொருள். சாதாரண எஃகுப் பல் சீக்கிரம் மழுங்கிவிடும். டங்ஸ்டன் கார்பைடு முனை வைத்த பிளேடு அங்கே பல மடங்கு நின்று பேசும்.

ஆனால் கார்பைடு கெட்டியானது, நொறுங்கக்கூடியது. பழைய படகுப் பலகைக்குள் மறைந்திருக்கும் இரும்பாணியில் பட்டால் முனை சிதறிவிடும். அறுக்குமுன் ஒரு நல்ல காந்தத்தைப் பலகைமேல் ஓட்டிப் பாருங்கள். பிளேடின் அறுப்பு அகலத்தையும் பார்த்து வாங்குங்கள். 2.4 மி.மீ.க்குப் பதில் 1.6 மி.மீ. என்றால் தூளாகப் போகும் மரம் மூன்றில் ஒரு பங்கு குறையும், மோட்டாரின் சுமையும் ஏறக்குறைய அவ்வளவு குறையும். பழைய ரம்பமே புதிதுபோல ஓடும்.

ஆகவே இந்தக் கரையில் தொழில் செய்கிறவர் கையில் இருபதாயிரம் ரூபாய் இருந்தால் முதலில் நல்ல கார்பைடு பிளேடும் பிட்டுகளும் ஆர்.சி.சி.பி.யும் வாங்கட்டும். மிச்சத்தில் பிரஷ்லெஸ் பேட்டரி டிரில் ஒன்று. பேட்டரியை நண்பகலில் படகுத் தளத்தில் போட்டுவிட்டுப் போகக் கூடாது. சூடு லித்தியம் செல்லின் ஆயுளைத் தின்னும். சூடாக இருக்கும்போது சார்ஜும் போடக் கூடாது. மாலையில் பேட்டரி முனைகளைக் காய்ந்த துணியால் துடைத்து, மூடியுள்ள பெட்டிக்குள் வைத்தால் உப்பு அண்டாது. ரம்பமும் பிளானரும் வயர் போட்டவையே போதும், பட்டறையில் பிளக் பாயின்ட் இருக்கும்வரை.

விலை கூடிய மெஷின்களில் நான் மனதார வரவேற்கும் வசதி மோட்டார்கூட அல்ல, தூளை வெளியே சிதற விடாமல் குழாய் வழியே உறிஞ்சும் ஏற்பாடு. மரத்தூள் மூக்கிலும் மூக்கையொட்டிய எலும்பறைகளிலும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதி என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே வகைப்படுத்திவிட்டது. தடைக்காலம் முழுக்க படகின் வயிற்றுக்குள் குனிந்து அறுக்கிறவர் சுவாசிப்பது அந்தத் தூளைத்தான். அடுத்த ஏப்ரலுக்கு முன் எந்த மெஷின் வாங்கினாலும், அதில் தூள் குழாய் மாட்டும் வாய் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள். கூடவே நல்ல முகக்கவசம் ஒரு பெட்டியும்.