பஸ் சாலைகளில் சிக்கனம்

இலங்கை போக்குவரத்துச் சபையின் நட்டம் பற்றிப் பேசப்படும் போதெல்லாம் மேலதிக ஆளணி, பயணச் சீட்டு மோசடி, எரிபொருட் செலவு ஆகியனவே முன்வைக்கப்படுகின்றன. டிப்போ என வழங்கப்படும் சாலைகளில் பஸ் வண்டிகள் பராமரிக்கப்படும் விதம் குறித்து எவரும் அதிகம் அக்கறை கொள்வதில்லை. பணம் கண்ணுக்குத் தெரியாமல் கரையும் இடம் அதுவென்றே நாம் கருதுகின்றோம்.

1958 ஜனவரியில் பஸ் சேவைகள் தேசியமயமாக்கப்பட்டபோது தோற்றம் பெற்ற சபை, 1978 இல் பிராந்திய சபைகளாகவும் பின்னர் மக்கள்மயம் என்ற பெயரில் தனித்தனிக் கம்பனிகளாகவும் கூறுபோடப்பட்டு, 2005 ஆம் ஆண்டின் சட்டத்தின் மூலமே மீண்டும் ஒன்றிணைக்கப்பட்டது. உதிரிப்பாகங்களை மொத்தமாகக் கொள்வனவு செய்வதால் கிட்டும் விலை அனுகூலம் கூறுபோடப்பட்ட நிறுவனங்களுக்குக் கிட்டுவதில்லை.

எனினும் செலவைக் குறைத்தல் என்பதன் பொருளே பெரும்பாலும் பிழையாக விளங்கிக்கொள்ளப்படுகின்றது. எண்ணெய் மாற்றுவதைப் பிற்போட்டால் அம்மாதக் கணக்கில் மிச்சம் தெரியும். ஆனால், தேய்ந்த பிரேக் லைனிங்கை உரிய நேரத்தில் மாற்றாவிடின் அதன் ஆணிகள் டிரம்மையே கீறிவிடும். காற்றுக் குறைந்த டயர் சூடேறி உட்கட்டு பழுதடைந்தால் அதனை மீள்புதுப்பிக்கவும் இயலாது.

இதனிலும் பாதகமானது, ஓடாது நிற்கும் பஸ்ஸிலிருந்து பாகங்களைக் கழற்றி மற்றொன்றுக்குப் பொருத்துவதாகும். ஒரே திருத்தத்துக்கு இருமுறை கூலி விரயமாவதுடன் பாகத்தை இழந்த பஸ் மீண்டும் வீதிக்கு வருவதும் அரிதாகின்றது. 2022 இல் அந்நியச் செலாவணி நெருக்கடி நிலவிய வேளையில் இதற்கு நியாயம் இருந்தது. அதுவே வழக்கமாகிவிடலாகாது.

தனியார் பஸ்கள் இலாபமில்லாத கிராமப் பாதைகளை நாடுவதில்லை. அங்கு அதிகாலை பஸ் தடைப்பட்டால் பருவச் சீட்டுடன் காத்திருக்கும் மாணவருக்கு வேறு மார்க்கமில்லை. மன்னாரிலாயினும் அக்கரைப்பற்றிலாயினும் நிலைமை இதுவே.

ஆகவே, சாலையொன்று மாதாந்தம் எவ்வளவு செலவிட்டது என்பதைவிட, ஓடிய ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் எவ்வளவு செலவானது என்பதே அளவுகோலாக வேண்டும். பழுதடைந்து நின்ற நாட்களும் இழந்த வருமானமும் அதே ஏட்டில் பதியப்பட வேண்டும். பொதுவான பாகங்களை மத்தியில் மொத்தமாக வாங்கலாம். ஆனால், ஒரு சிறிய எண்ணெய் சீலுக்காகக் கேள்விப்பத்திர நடைமுறையை எதிர்பார்த்து பஸ் வாரக்கணக்கில் நிற்பது எவ்வகையிலும் சிக்கனமாகாது. சிறு கொள்வனவு அதிகாரத்தைச் சாலைக்கு வழங்கினால் முறைகேடு பெருகும் என்ற அச்சம் நியாயமானதே. உச்சவரம்பு விதித்து, கழற்றப்பட்ட பழைய பாகத்தைக் களஞ்சியத்தில் கையளித்த பின்னரே புதியதை வழங்குவதன் மூலம் அதனைப் பெருமளவு கட்டுப்படுத்தலாம்.