குயவன் ஒருவனா, பலரா?

கடவுள் உண்டா என்று பெரியவர்கள் கேட்டால் பேச்சை மாற்றிவிடலாம். பதினைந்து வயதுப் பையன் வகுப்பில் எழுந்து நின்று கேட்டால் அது நடவாது. சென்ற மாதம் நமக்கு அப்படி ஒரு சங்கடம் நேர்ந்தது. தாயாரை இழந்து ஓராண்டு நிரம்பாத பிள்ளை. குறும்புக்காகக் கேட்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

நாமும் வழிவழியாக வந்த விடையையே கூறினோம். பானையைக் கண்டால் குயவன் உண்டென்று அறிகிறோம். உலகத்தைக் கண்டால் அதைச் செய்தவன் ஒருவன் உண்டென்று ஏன் அறியக்கூடாது? பத்தாம் நூற்றாண்டில் உதயனர் தமது 'நியாயகுஸுமாஞ்ஜலி'யில் ஈசுவரனை நிலைநாட்ட எடுத்துக்கொண்ட யுக்திகளுள் இதுவும் ஒன்று.

பையன் சற்று யோசித்தான். "பானைக்கு ஒருவர் போதும், ஸார். நம் ஊர்க் கோபுரத்தை எத்தனை பேர் கட்டினார்கள்?" என்றான்.

"உட்கார்!" என்று சொல்ல நா எழுந்தது. உபாத்தியாயர்களுக்கு அந்த ஒரு சொல் பெரிய ஆயுதம் அல்லவா? நல்ல வேளையாக, இதே கேள்வியை வேறோர் இடத்தில் படித்தது நினைவுக்கு வந்தது. அது நாஸ்திகர் நூல் அன்று; ஸ்ரீபாஷ்யம்!

பிரம்ம சூத்திரத்தின் மூன்றாவது சூத்திரத்துக்கு உரை செய்யுமிடத்தில், ராமானுஜர் இந்தப் பானை வாதத்தை எடுத்துவைத்து உடைக்கிறார். மலையும் கடலும் உண்டாக்கப்பட்டவையே என்று வைத்துக்கொண்டாலும், அவையெல்லாம் ஒரே காலத்தில் ஒருவனாலேயே உண்டாயின என்பதற்குச் சான்று என்ன? நாம் கண்ட கர்த்தாக்கள் எல்லோரும் உடல் படைத்தவர்கள். எல்லாம் அறிந்தவர்கள் அல்லர். அவர்களைக் கொண்டு அனுமானித்தால் கிடைப்பவனும் அத்தகையவனாகவே இருப்பான். ஸர்வஜ்ஞனான பரமாத்மா அந்த வழியில் அகப்படமாட்டான்.

ஸ்காத்லாந்து தேசத்து டேவிட் ஹியூமும், கப்பலைப் பலர் கூடியல்லவா கட்டுகிறார்கள் என்று கேட்டார். அந்த நூல் அவர் இறந்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1779-ல் வெளிவந்தது. ஹியூம் ஐயத்தோடு நின்றவர். நம் பாஷ்யகாரரோ திருவரங்கத்தில் வாழ்ந்த பரம பக்தர். பக்தர் ஏன் பகவானுக்குரிய சான்றைத் தகர்க்க வேண்டும்?

பக்தியினாலேயே தகர்த்தார் என்பது நமது எண்ணம். யுக்தியால் கிடைக்கும் கடவுள் ஒரு பெரிய குயவனுக்கு மேல் உயரமாட்டார். கண்ணுக்கும் அனுமானத்துக்கும் எட்டாதவனை வேதம் ஒன்றே அறிவிக்கும் என்பது ராமானுஜரின் முடிவு. ஈசுவரன் சொன்னதால் வேதம் பிரமாணம், வேதம் சொல்வதால் ஈசுவரன் உண்டு என்று அவர் வட்டமிடுவதாகவும் குறை கூற இயலாது. வேதம் எவராலும் இயற்றப்படாதது என்பது அவர் கொள்கை. அதை ஒப்பாதவனுக்கு இந்த வழியும் அடைபட்டதுதான். மறைப்பானேன்?

மறுநாள் பையனைத் தனியே அழைத்து, "உன் கேள்வியை ராமானுஜரும் கேட்டிருக்கிறார்" என்றோம். முகம் மலர்ந்தது, உடனே சுருங்கியது.

"அப்படியானால் அவருக்கு எப்படி ஸார் தெரிந்தது?"

வேதத்தைச் சொன்னோம். எண்ணெய் ஒழுக்குப்போல இடையறாது நினைவு நீளும்போது, அந்த நினைவு காட்சிக்கு ஒப்பாகிறது என்று அவர் உரைப்பதையும் சொன்னோம்.

"அம்மாவை நினைத்தால் எனக்கும் எதிரே நிற்பது போலிருக்கிறது. அது நிஜமாகப் பார்த்ததாகுமா, ஸார்?"

காட்சிக்கு 'ஒப்பானது' என்பதே பாஷ்யத்தில் உள்ள சொல். அதை மட்டும் அவனிடம் சொன்னோம்.