குத்துப்பையும் கைக்காப்பும்

குத்துச்சண்டை பயில்வோர்க்கு எதிராளி எப்பொழுதும் கிடைப்பதில்லை. குத்துப்பையோ காலையும் மாலையும் அவருக்காகத் தொங்கிக்கொண்டிருக்கும். அது சலியாது, சினவாது, திருப்பி அடியாது என்றும் பலர் எண்ணுவர். அவ்வெண்ணமே பிழையானது. விசை ஒவ்வொன்றுக்கும் ஒப்பான எதிர்விசை உண்டென்னும் நியூற்றனின் மூன்றாம் விதியைக் கற்ற மாணவர் அறிவர், பை தான் பெற்ற அடியை அக்கணமே அடித்த கைக்குத் திருப்பித் தருகின்றது என்பதை. எதிராளி விலகுவான், சாய்வான், சிலபோது நம் குத்தே அவனிற் படாது போகும். பை விலகுவதில்லை. ஒருநாட் பயிற்சியில் முந்நூறு முறை குத்தினால் முந்நூறு முறையும் கை அதனைத் தாங்கவேண்டும்.

இந்த யூபிலி ஆண்டிற் பழைய மாணவர் சிலர் கல்லூரி உடற்பயிற்சிக் கூடத்துக்குக் குத்துப்பைகள் வாங்கித்தர முன்வந்துள்ளனர் எனக் கேட்டு மகிழ்ந்தோம். பைகளுடன் கையுறை ஒரு சோடியும் வருமாம். ஒரு சோடியை முப்பது பிள்ளைகள் மாறிமாறி அணிவது எவ்வாறு என்னும் ஐயமே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று. தமிழாசிரியனுக்கு இதில் என்ன அலுவல் என்று வினவுவார் உளராயின், குத்தும் கையே எழுதும் கையாதலின் எமக்கும் அதில் உரிமை உண்டு என்பதே விடை. யான் முன்னர்ப் படிப்பித்த ஒரு பாடசாலையில் மாணவனொருவன், சாக்கில் மணலை நிறைத்து மாமரத்திற் கட்டித் தொங்கவிட்டு வெறுங்கையாற் குத்திப் பழகினான். பொதுப்பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கையில் வலக்கையிற் கட்டுடன் வகுப்புக்கு வந்தான். அவ்வாண்டு அவன் பரீட்சை எழுதவில்லை.

கையின் அமைப்பை முதலில் நோக்குவோம். மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14 என ஒரு கையில் 27 என்புகள் உள. உள்ளங்கை என்புகள் ஐந்தும் ஒரே உறுதி உடையன அல்ல. சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் உரிய இரண்டும் மணிக்கட்டோடு இறுகப் பொருந்தி ஏறக்குறைய அசைவின்றி நிற்பன. மோதிரவிரலுக்கும் சிறுவிரலுக்கும் உரிய இரண்டும் அசையும் இயல்பின. ஐயுறுவோர் இடக்கை விரல்களால் வலக்கைச் சிறுவிரலின் அடிக்கணுவைப் பற்றி மேலுங் கீழும் அசைத்துப் பார்க்க. பின்னர் நடுவிரலின் அடிக்கணுவையும் அவ்வாறே அசைக்க முயல்க. வேறுபாடு உடனே புலனாகும். இவ்வசைவு ஒரு குறையன்று. மண்வெட்டிப் பிடியைப் பற்றுங்கால் உள்ளங்கை அதன் வடிவிற்கேற்பக் குழிவது இவ்வசைவினாலேயே. பற்றுதற்கென அமைந்த உறுப்பைச் சம்மட்டியாக்க நாம் முயல்கின்றோம் என்பதை மறத்தலாகாது.

ஆகலின் குத்து, சுட்டுவிரல் நடுவிரல் ஆகிய இரண்டின் கணுக்களாற் படவேண்டும். அவ்விரு கணுக்களும் மணிக்கட்டும் முன்கையும் ஒரே நேர்கோட்டில் நிற்கவேண்டும். கோடு பிறழ்ந்து சிறுவிரற் பக்கம் பட்டால், அவ்விரலுக்குரிய உள்ளங்கை என்பு தன் கழுத்தில் ஒடிகின்றது. இதனை மருத்துவர் குத்துச்சண்டைவீரர் முறிவு என வழங்குவர். பெயர் பொருத்தமானதன்று. முறையாகப் பயின்ற வீரரைக் காட்டினும், சினத்தாற் சுவரிலும் கதவிலும் பிறர் தலையிலும் கண்டவாறு குத்தியவர்க்கே அது மிகுதியாக நேர்கின்றது. பயின்றவரும் காப்பின்றிக் குத்தினால் தப்புவதில்லை. 1988 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், பெருநிறைப் பிரிவில் உலக வீரராய் விளங்கிய மைக் டைசன், நியூயோர்க் நகரின் ஹார்லெம் பகுதியில் மிற்ச் கிறீன் என்னும் மற்றொரு வீரரோடு தெருவிற் கைகலந்தார். மேடையிற் பலரை வீழ்த்திய அவ்வலக்கையின் என்பு வெறுங்கையாய் விட்ட குத்தில் வெடித்தது. அடுத்து நிகழவிருந்த போட்டியும் பிற்போடப்பட்டது.

கையுறை எதிராளியின் முகத்தைக் காப்பதற்கே தோன்றியது என்பது பொதுவழக்கான எண்ணம். வரலாறு வேறு கூறுகின்றது. ஹோமரின் இலியட் காவியத்திற் குத்துச்சண்டைக்கு எழுந்தோர் எருதின் தோல்வாரைக் கையிற் சுற்றிக்கொண்டனர். 1885 இல் உரோமாபுரியில் நிலத்தடியிலிருந்து எடுக்கப்பட்ட பழைய வெண்கலச் சிலையொன்று, சண்டை முடித்து அமர்ந்திருக்கும் வீரனைக் காட்டுகின்றது. அவன் கைகள் தோல்வார்களால் நன்கு கட்டப்பட்டுள்ளன. முகமோ மூக்குடைந்து, செவி வீங்கி, காயங்களால் நிறைந்துள்ளது. காக்கப்பட்டது எது என்பதை அச்சிலையே சொல்லும். இங்கிலாந்தில் 1743 இற் சண்டைவிதிகளை வகுத்த ஜக் புறோட்டன் தம்மிடம் பயிலவந்த செல்வர்களுக்குப் பஞ்சுறை அணிவித்தார். மேடைப் போட்டியோ வெறுங்கையாலேயே நடந்தது. குயின்ஸ்பெரி விதிகள் 1867 இல் வெளிவந்த பின்னரே போட்டிக்கும் கையுறை கட்டாயமாயிற்று. அவ்விதிமரபே உலகெங்கும் பரவிற்று. 1938 இற் சிட்னி நகரிற் பேரரசு விளையாட்டு விழாவில் இலங்கைக்குப் பொற்பதக்கம் ஈட்டித் தந்த பானி ஹென்றிகசும் அம்மரபில் வந்தவரே.

இனிக் காப்பு எவ்வாறு வேலைசெய்கின்றது என்பதைக் காண்போம். உயர எழுந்து விழும் கிரிக்கெற் பந்தைப் பிடிப்பவன் கையை விறைப்பாக நீட்டி நிற்பதில்லை; பந்தோடு சேரக் கையைச் சற்றுப் பின்வாங்குகின்றான். பந்து நிற்பதற்கு எடுக்கும் காலம் நீள்கின்றது. கையிற் படும் விசை குறைகின்றது. கையுறையின் உள்ளே உள்ள திண்டும் இதனையே செய்கின்றது. திண்டு அமுங்கும் காலமே கைக்குக் கிடைக்கும் தயவு. அமுங்கி அமுங்கி இனி அமுங்காத நிலைக்கு வந்த பழைய கையுறை பார்வைக்குக் கையுறை, பயனில் வெறுந்தோல். கடையில் வாங்கும்போதும், கூடத்திற் பழையதை எடுக்கும்போதும், கணுக்களுக்கு மேலுள்ள பகுதியைப் பெருவிரலால் அழுத்திப் பார்க்க. அழுத்தும்போது எதிர்த்து நின்று, விட்டதும் மீள எழுவது நல்லது. உள்ளே விரற்கணு எளிதிற் தட்டுப்படுமாயின் அதன் காலம் முடிந்தது என்க.

ஆயினும் கையுறைக்கு முன் துணி. பலர் கைச்சுற்றுத் துணியை ஓர் அலங்காரமாகவோ வியர்வை உறிஞ்சும் கந்தையாகவோ கருதுகின்றனர். கையுறை செய்யும் வேலை வேறு, துணி செய்யும் வேலை வேறு. கையுறை அடியை மென்மையாக்கும். துணியோ சிதறக்கூடிய சிறு என்புகளை ஒரு கட்டாகச் சேர்த்துப் பிடிக்கும்; மணிக்கட்டு மடியாது தாங்கும்; பெருவிரலை அதனிடத்தில் நிறுத்தும். ஈர்க்குகளைக் கட்டும் கயிறு போன்றது அது என்றால் மாணவர்க்கு விளங்கும். வளர்ந்தோர் கைக்கு 180 அங்குலம், அஃதாவது ஏறக்குறைய நாலரை மீற்றர், நீளமும் இரண்டங்குல அகலமும் உடைய துணி ஏற்றது. சிறுவர் கைக்கு 108 அங்குலம் போதும். சிறிதே இழுபடும் நெசவாயின் கையோடு ஒட்டிநிற்கும். முழுப் பருத்தியும் நன்றே. ஆயின் பயிற்சியிடையே நெகிழும்.

சுற்றும் முறை பலவாயினும் நெறி ஒன்று. துணியின் நுனியிலுள்ள கண்ணியைப் பெருவிரலில் மாட்டிப் புறங்கை வழியாகக் கொண்டுவந்து மணிக்கட்டில் மூன்று சுற்று. பின்னர் விரல்களை நன்கு விரித்து வைத்துக்கொண்டு கணுக்களின்மேல் மூன்று சுற்று. விரலிடுக்குகள் வழியாக ஒவ்வொரு முறை. பெருவிரலைச் சுற்றி ஒருமுறை. மிகுதி முழுவதும் மணிக்கட்டுக்கே. விரல்களை விரித்து வைத்தல் முக்கியம். சேர்த்து வைத்துச் சுற்றியவன் முட்டி பிடிக்கும்போது துணி இறுகி இரத்தவோட்டம் தடைப்படும். விரல்நுனி வெளிறினாலோ நீலம் பாய்ந்தாலோ சோம்பாது அவிழ்த்து மீளச் சுற்றுக. கையை விரித்தால் இதமாகவும் முட்டி பிடித்தால் இறுக்கமாகவும் இருப்பதே அளவு. இப்பொழுது விரல்நுனி திறந்த உள்ளுறைகள் துணிக்கு மாற்றாக விற்கப்படுகின்றன. அரை நிமிடத்தில் அணியலாம் என்பது அவற்றின் சிறப்பு. ஒவ்வொரு கைக்கும் ஏற்ப இறுக்கவியலாது என்பது குறை. அவசரத்துக்கு அன்றி அவற்றை யான் விதந்துரையேன்.

கையுறையை நிறையால் அளப்பர். பதினாறு அவுன்சுக் கையுறை ஒன்று ஓர் இறாத்தல் நிறையுடையது. தொழில்முறைப் போட்டிகளில் 147 இறாத்தல் வரை நிறையுள்ளோர் பொதுவாக 8 அவுன்சும், அதற்கு மேற்பட்டோர் 10 அவுன்சும் அணிவர். இளைஞர் தொலைக்காட்சியிற் கண்ட வீரனைப் பின்பற்றி எட்டவுன்சையே கேட்பதைக் காண்கின்றோம். போட்டி சில சுற்றுக்களில் முடிவது; பைப் பயிற்சி நாள்தோறும் நிகழ்வது. பைக்குச் சிறுவர் 10 அவுன்சும், நடுத்தர உடலினர் 12 அல்லது 14 அவுன்சும், பருமனானோர் 16 அவுன்சும் கொள்வது பொதுவாகப் பொருந்தும். கலப்புச் சண்டைக்கென விற்கப்படும் நாலவுன்சு உறைகள் எதிராளியைப் பற்றிப் பிடிப்பதற்காக விரல்நுனி திறந்து செய்யப்பட்டவை. கனத்த பைக்கு அவை காப்பாகா.

நிறை மட்டும் நம்பத்தக்கதன்று. நிறை தோலிலும் உள்ளுறையிலும் மணிக்கட்டுப் பட்டியிலும் சென்று, கணுவின் மேலுள்ள திண்டு மெலிந்திருக்கும் கையுறைகளும் உண்டு. ஆதலாற் கடைக்குச் செல்லும்போது துணியைக் கொண்டுசென்று கையிற் சுற்றிய பின்னரே அணிந்து பார்த்தல் வேண்டும். வெறுங்கைக்கு இதமாயிருப்பது துணி சுற்றிய கைக்குச் சிறிதாகும். அணிந்து முட்டி பிடிக்குக. முட்டி இயல்பாக மூடவேண்டும். மூடிவைத்திருப்பதற்கே கை வலிக்குமாயின் அது வேண்டா. உள்ளே கை வழுக்குமாயின் அதுவும் வேண்டா. பெருவிரல் சற்று வளைந்து முட்டியோடு அணைந்து நிற்கவேண்டும். அதன் உறை மற்றைய உறையோடு தைத்து இணைக்கப்பட்டிருத்தல் நன்று. பெருவிரல் தனித்து வெளியே நின்றால் அதன் அடியென்பு பையில் மாட்டிப் பிறழக்கூடும். மணிக்கட்டுப் பகுதி நீண்டும் விறைப்பாகவும் இருத்தல் வேண்டும். கயிறு கட்டும் கையுறை நன்றாக அணையும். ஆயின் கட்டுவதற்கு மற்றொருவர் வேண்டும். தனித்துப் பயில்வோர்க்கு ஒட்டுப்பட்டியே வசதி. தோலா செயற்கைத் தோலா என்னும் வாதத்தில் யான் இறங்கேன். தோல் நெடுங்காலம் உழைக்கும், செயற்கை மலிவு, அவ்வளவே.

பைக்கென வைத்த கையுறையை அணிந்து ஒருவரோடொருவர் பொருதலாகாது. பை அடித்துத் திண்டு தட்டையானபின் அதன் கொடுமையைத் தோழனின் முகமே அறியும்.

பையையும் மறந்துவிடலாகாது. மணல் மட்டும் நிறைத்த பையில் மணல் நாளடைவில் அடியிற் படிந்து கல்லைப்போல் இறுகும். மேற்பகுதி நெகிழ்ந்திருக்க, கீழ்ப்பகுதி கையை முறிக்கும். துணிக்கந்தை நிறைத்தது சிறந்தது. குத்துவோன் நிறையிற் பாதியளவு நிறை பைக்குப் போதுமானது.

நோவைப் பற்றியும் சில கூறவேண்டும். கணுவின் தோல் உரிந்து எரிவது வேறு. என்பில் ஓரிடத்தில் ஊன்றி நோவது வேறு. முன்னது சில நாளில் ஆறும். பின்னது காணப்பட்டால் பயிற்சியை நிறுத்துக. சிறுவிரலின் கணு உள்ளே தாழ்ந்து மறைந்தாலும், நடுவிரற் கணுவின்மேற் செல்லும் தசைநாண் ஒருபுறம் நழுவினாலும் மருத்துவரை அடைதல் வேண்டும். எல்லாவற்றினும் ஏமாற்றுவது பெருவிரலின் அடியில், புறங்கைப் பக்கத்துக் குழிவில் எழும் நோவு. அவ்விடத்துப் படகுருவான மணிக்கட்டு என்பு முறிந்திருப்பினும் முதலில் எடுக்கும் எக்ஸ்ரேப் படத்திற் புலப்படாது போதல் உண்டு. அதற்குச் செல்லும் இரத்தவோட்டம் குறைவாதலின், கவனியாது விட்டால் என்பு பொருந்தாமலே போகவும் கூடும். நம்மவர் உடனே எண்ணெய் பூசி உருவிவிடுவர். முறிவு நெரிவு வைத்தியத்தை நாடுவோரும் முதலிற் படம் எடுத்துக்கொள்க. நோவு நீங்காவிடின் பத்துப் பதினான்கு நாளில் மீண்டும் எடுப்பிக்க.

பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். மூன்று பை வாங்கும் பணமிருப்பின் இரண்டு வாங்குக. மிகுதியைக் கொண்டு 10, 12, 14, 16 அவுன்சுகளில் இவ்விரண்டு சோடி கையுறைகளும், பிள்ளை ஒவ்வொருவனுக்கும் தனித்தனியே ஒரு சோடி கைச்சுற்றுத் துணியும் தருக. கையுறையைப் பலர் பங்கிடலாம், துணியைப் பங்கிடலாகாது. நமது வெப்பத்தில் வியர்வை ஊறிய துணி படர்தாமரையை ஒருவன் கையிலிருந்து மற்றவன் கைக்குக் கொண்டுசெல்லும். துணியை ஒவ்வொரு நாளும் தோய்த்து உலர்த்துவது பிள்ளையின் கடமை. கையுறையை அலுமாரியிற் பூட்டி வைக்காது, வாய் திறந்தபடி காற்றோட்டமான நிழலில் தொங்கவிடுதல் வேண்டும். வெயிலில் இட்டால் தோல் வெடிக்கும். இதற்கெனச் சுவரிற் சில கொளுக்கிகள் போதும். அவற்றைக் கல்லூரி மரவேலைக் கூடத்து மாணவரே ஒரு பிற்பகலில் அமைத்துவிடுவர்.