பறக்கும் கதை - 9: கோத்தகிரி வழியாகப் போன காற்று

ரைட் சகோதரர்கள் 1901-இல் ஒரு மரப்பெட்டிக்குள் காற்றை ஊதி இறக்கைகளைச் சோதித்ததைப் போன வாரம் பார்த்தோம். அந்த இறக்கை விமானத்தை எப்படித் தூக்குகிறது என்பதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் சில, வயிறு குலுங்கச் சிரிக்க வைப்பவை.

மிகவும் பிரபலமானது இது: இறக்கையின் மேல்பக்கம் வளைவு, கீழ்ப்பக்கம் தட்டை. முன்விளிம்பில் பிரிந்த காற்று பின்விளிம்பில் ஒரே நேரத்தில் சேர்ந்தாக வேண்டும். மேலே போகும் காற்றுக்குத் தூரம் அதிகம், அதனால் அது வேகமாக ஓடுகிறது. வேகம் கூடினால் அழுத்தம் குறையும் என்று பெர்னூலி 1738-லேயே எழுதிவிட்டார். விமானம் எழும்பிவிட்டது!

இதை நம்ம மலைப்பாதைக்குக் கொண்டுவாருங்கள். மேட்டுப்பாளையத்தில் இரண்டு ஊட்டி பஸ்கள் ஒன்றாகக் கிளம்புகின்றன. ஒன்று பர்லியார், குன்னூர் வழி. இன்னொன்று கோத்தகிரி வழி. சுமார் 10 கிலோமீட்டர் கூடுதல். "பர்லியார் பஸ்ஸு ஊட்டி போற நேரத்துக்கு நாமளும் போய் நிக்கோணும், அதான் மிதிக்கறேன்" என்கிறார் கோத்தகிரி டிரைவர். "அப்படின்னு யாருங்ணா சொன்னது?" என்று கண்டக்டர் கேட்பார் அல்லவா? அந்தக் கேள்விக்கு இந்த விளக்கத்தில் பதிலே கிடையாது.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஹோல்கர் பாபின்ஸ்கி 2003-இல் புகைக்கோடுகளை விட்டுப் படம்பிடித்துக் காட்டியது இன்னும் வேடிக்கை. மேலே போன காற்று, கீழே போனதற்கு முன்பாகவே பின்விளிம்பைத் தாண்டிவிடுகிறது. கோத்தகிரி பஸ் முந்திக்கொண்டது! பெர்னூலி மேல் தவறில்லை. காற்று ஏன் வேகம் எடுக்கிறது என்பதற்குச் சொன்ன காரணம்தான் கற்பனை.

ஐன்ஸ்டைனும் இங்கே சறுக்கியிருக்கிறார். 1916-இல் பறத்தலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பூனை முதுகைத் தூக்கிக்கொள்வதுபோல் கூன்விழுந்த இறக்கை ஒன்றை வடிவமைத்தார். ஜெர்மன் நிறுவனம் ஒன்று அதைச் செய்தே பார்த்தது. ஓட்டிப் பார்த்த விமானி, அது சினை வாத்துபோல் ஆடி ஆடிப் பறந்ததாகச் சொன்னார். அதை இளமைக்கால அசட்டுத்தனம் என்று ஐன்ஸ்டைனே பிற்பாடு ஒப்புக்கொண்டார். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது அதைப் படித்தபோதுதான்.

சரி, உண்மை என்ன? மங்குஸ்தான் பருவத்தில் பர்லியார் பழக்கடைகள் பக்கம் இறங்கினால், பழத்தை வாங்கிக்கொண்டு பள்ளத்தாக்கின் மேலே கொஞ்ச நேரம் பாருங்கள். கருங்கழுகு ஒன்று சிறகடிக்காமல் வட்டமிடலாம். அதன் இறக்கை லேசாக மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும். கீழ்ப்பக்கம் மோதும் காற்று தாழத் தள்ளப்படுகிறது. மேல்பக்கக் காற்றும் இறக்கையின் வளைவை ஒட்டியே போய்க் கீழ்நோக்கித் திரும்புகிறது. அப்படித் திரும்பும் இடத்தில்தான் அழுத்தம் குறைகிறது. காற்றைக் கீழே தள்ளியதற்கு எதிர்விசையாக இறக்கை மேலே தள்ளப்படுகிறது. நியூட்டன், பெர்னூலி இருவர் கணக்கும் ஒத்துப்போகும் இடம் இது.

கழுகு உயரம் கூடுவது மட்டும் தனிக்கதை. அசையாத காற்றில் அது மெல்லத் தாழ்ந்துகொண்டேதான் வரும். பகலில் வெயில் பட்டுச் சூடாகும் சரிவுகளை ஒட்டிக் காற்று மேலேறுகிறது. கழுகு தாழ்வதைவிட அந்தக் காற்று வேகமாக ஏறினால், கழுகும் கூடவே உயர்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துக் குழப்பும் விளக்கங்களும் நிறைய.

இறக்கையை இன்னும் சாய்த்தால் இன்னும் தூக்குமா? ஓர் எல்லை வரைக்கும்தான். சாய்வு சுமார் 15 பாகையைத் தாண்டும்போது மேல்பக்கக் காற்று இறக்கையைக் கைவிட்டுவிடும். அந்த ஆபத்தைப் பற்றி அடுத்த வாரம்.