அழித்த பெயர் எங்கே போகிறது?

எங்கள் ஊரின் வரலாற்றை எழுதுவதற்கென்று ஏழு பேர் சேர்ந்து ஒரு விக்கித் தளம் தொடங்கினோம். ஊர் வன்னியில் இருக்கிறது. நாலு பேர் ஊரில், மற்றவர்கள் கனடாவிலும் லண்டனிலும். குளம், பாடசாலை, கோயில், இடம்பெயர்ந்து போன பாதைகள், திரும்பி வராதவர்களின் பெயர்கள் என்று பக்கங்கள் வளர்ந்தன. பிறகு ஒரு வருடம் சேர்வருக்குப் பணம் கட்டும் திகதியைத் தவறவிட்டோம். பிழை எங்களுடையதுதான். தளம் முழுவதும் போய்விட்டது.

சிலருடைய கணினிகளில் சேமித்து வைத்திருந்த பக்கங்கள் கிடைத்தன. ஆனால் எந்த வரியை யார் எழுதினார், எப்போது மாற்றினார் என்ற விபரம் ஒன்றும் இல்லை. சின்ன இழப்பு என்றுதான் முதலில் நினைத்தேன். பாடசாலைக் காணியைக் கொடுத்தது எந்தக் குடும்பம் என்பதில் ஊரில் இரண்டு கதைகள் உண்டு. மீட்ட பக்கத்தில் ஒன்று மட்டும் இருந்தது. மற்றதை யாராவது நீக்கினார்களா, அல்லது அது எழுதப்படவே இல்லையா? காட்டுவதற்கு எங்களிடம் எதுவும் இல்லை. இரண்டு வீட்டாரும் எங்களைத்தான் சந்தேகித்தார்கள்.

நாங்கள் பாவித்தது விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருள். எங்களுக்குப் பழக்கமான நூலகம் தளமும் அதில்தான் இயங்குகிறது. அது பழைய பதிப்புகளைப் பத்திரமாகவே வைத்திருக்கும். ஆனால் எல்லாம் சேர்வரில் உள்ள ஒரு தரவுத்தளத்துக்குள். வாசிப்பவரின் கையில் பக்கம் இருக்கிறது, வரலாறு இல்லை.

வேறு வழி தேடியபோது கிடைத்தது ஐக்கிவிக்கி. ஜோயி ஹெஸ் என்ற நிரலாளர் 2006இல் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள். இதில் தரவுத்தளமே இல்லை. ஒவ்வொரு பக்கமும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. வரலாற்றைக் காப்பதற்கென்று விக்கி தனியாக எதையும் செய்வதில்லை. நிரலாளர்கள் தங்கள் நிரல்களின் மாற்றங்களைப் பதிவதற்குப் பாவிக்கும் கிட் போன்ற மென்பொருளிடம் அந்த வேலையைக் கொடுத்துவிடுகிறது. கிட், லினக்ஸ் வேலைகளுக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதியது. யாராவது ஒரு பக்கத்தைத் திருத்தினால் அது கிட்டில் பதிவாகும். உடனே ஐக்கிவிக்கி அந்தப் பக்கத்தை மீண்டும் இணையப் பக்கமாக ஆக்கி வைக்கும்.

இதனால் என்ன இலாபம்? தளத்தை ஒருவர் தன் மடிக்கணினிக்கு எடுத்தால் முதல் நாளிலிருந்து நடந்த எல்லா மாற்றங்களும் கூடவே வரும். சேர்வர் போனாலும் ஏழு பேரில் ஒருவரிடம் இருந்தால் போதும். சிக்னல் இல்லாத இடத்தில் இருந்து எழுதிவிட்டு, ரவுணுக்குப் போகும்போது அனுப்பலாம். இருவர் ஒரே பக்கத்தின் வெவ்வேறு இடங்களைத் திருத்தினால் தானே இணைத்துவிடும். ஒரே வரியில் கை வைத்தால் இரண்டையும் காட்டி, எது வேண்டும் என்று கேட்கும்.

காணி விடயத்தில் எங்களுக்கு உதவியது வேறொன்று. ஒவ்வொரு பதிவுக்கும் 40 எழுத்துகளில் ஓர் அடையாளம் உண்டு. அந்தப் பதிவின் உள்ளடக்கத்தையும் அதற்கு முந்திய பதிவின் அடையாளத்தையும் வைத்தே அது கணிக்கப்படுகிறது. பழைய பதிவு ஒன்றை யாராவது இரகசியமாக மாற்றினால் அதற்குப் பின்னால் வந்த அடையாளங்கள் எல்லாம் மாறிவிடும். மற்றவர்களின் பிரதிகளோடு ஒத்துப்போகாது. இப்போது அந்தப் பக்கத்தில் இரண்டு கதைகளும் இருக்கின்றன. எதை யார், எந்த நாளில் எழுதினார் என்று கேட்டால் காட்டலாம்.

தமிழில் எழுதுவோருக்குச் சில தொல்லைகள் உண்டு. கோப்புக்குத் தமிழில் பெயர் வைத்தால், ஓர் அமைப்பை மாற்றும்வரை கிட் அதை எண்களாகவே காட்டும். 'அ' என்பது \340\256\205 ஆகிவிடும். 'கொ' போன்ற எழுத்துகளின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் பதியலாம், இரண்டாகவும் பதியலாம். கண்ணுக்கு ஒன்றுதான், ஆனால் கிட் அதை மாற்றம் என்று சொல்லும். இன்னொன்று, அது வரி வரியாக ஒப்பிடுவதால் ஒரு பந்தியை ஒரே வரியாக எழுதினால் ஒரு சொல்லை மாற்றினாலும் பந்தி முழுவதும் மாறியதாகக் காட்டும். நாங்கள் ஒரு வசனத்துக்கு ஒரு வரி என்று எழுதப் பழகினோம். கொஞ்சம் சலிப்பான வேலைதான்.

உண்மையான சிக்கல் பிறகுதான் வந்தது. காணாமல்போன தன் மகனின் பெயரைத் தந்திருந்த ஓர் அம்மா தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, அந்தப் பெயரை எடுத்துப்போடுங்கோ. வீட்டுக்கு வந்து விசாரிக்கினம்." அன்றே பக்கத்திலிருந்து நீக்கினேன். நீக்கியதும் ஒரு பதிவுதானே. முந்திய பதிவைத் திறந்தால் பெயர் அப்படியே இருக்கிறது.

வரலாற்றைத் திருத்தி எழுதுவதற்கும் கட்டளைகள் உண்டு. ஓர் இரவு முழுக்க இருந்து அதைச் செய்தேன். எதிர்பார்த்தபடியே அந்த இடத்துக்குப் பிறகு எல்லா அடையாளங்களும் மாறின. பழைய பிரதியை அழித்துவிட்டுப் புதிதாக எடுங்கள் என்று எல்லோருக்கும் எழுதினேன். கனடாவில் ஒருவர் பல நாட்களாகத் தளத்தைப் பார்க்கவில்லை, என் மின்னஞ்சலையும் பார்க்கவில்லை. தன் பழைய பிரதியைப் புதியதோடு இணைத்து அனுப்பினார். இரண்டு கிழமையில் அந்தப் பெயர் பக்கத்துக்கே திரும்பி வந்தது. காணிக் கதையைக் காப்பாற்றிய அதே ஏற்பாடுதான்.

அப்போதுதான் மற்றப் பதிவுகளையும் கவனித்துப் பார்த்தேன். மடிக்கணினியில் இருந்து அனுப்பும் ஒவ்வொரு பதிவிலும் எழுதியவரின் பெயர், மின்னஞ்சல், நேரம் மூன்றும் இருக்கும். புனைபெயர் வைத்திருந்தோம். ஆனால் நேரத்துக்குப் பக்கத்தில் +0530 என்றும் பதிவாகியிருந்தது. கனடாவிலிருந்து எழுதியவர் யார், ஊரிலிருந்து எழுதியவர் யார் என்று அதைப் பார்த்தே பிரிக்கலாம். இந்தியாவுக்கும் அதே நேரம்தான் என்பது பெரிய ஆறுதல் இல்லை.

இப்போது ஆட்களின் பெயர்களை முதலில் ஒரு சீ.ஆர். கொப்பியில்தான் எழுதுகிறோம். குடும்பத்தாரிடம் போய், ஒருமுறை ஏற்றினால் முழுவதுமாக எடுக்க முடியாமல் போகலாம் என்று விளங்கப்படுத்திச் சம்மதம் கேட்கிறோம். சிலர் சம்மதித்தார்கள். பலர் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். அந்த அம்மாவின் மகனுடைய பெயர் இருந்த பிரதிகளில் ஆறு அழிக்கப்பட்டுவிட்டன. ஏழாவது, விற்றுவிட்ட ஒரு மடிக்கணினியில் இருந்தது.