முதுகின் மேற்குறிகள் எவ்வளவு நம்பத்தக்கவை?

மூளையுறை அழற்சி என ஐயுறப்படும் நோயாளியின் முதுகில் ஊசி செலுத்தித் தண்டுவட நீரை எடுத்துச் சோதித்தல், நோயை அறிய இன்றியமையாத முறையாகும். பெங்களூரில் 1954-இல் தோன்றிய அகில இந்திய மனநல நிலையமும் அந்நகரின் மனநல மருத்துவமனையும் 1974-இல் இணைந்து உருவான தேசிய மனநல, நரம்பு அறிவியல் நிறுவனம் போன்ற இடங்களில் இது வழக்கமான சோதனை. ஊசி செல்ல வேண்டிய எலும்பிடைவெளி கண்ணுக்குப் புலப்படாது. முதுகைத் தடவியே அதனைக் கணிப்பர். இக்கணிப்பு எவ்வளவு பிழையற்றது?

தண்டுவடம் முதுகெலும்பின் அடிவரை நீள்வதில்லை. வளர்ந்தோரில் அது பெரும்பாலும் முதல் இரண்டு இடுப்பு முள்ளெலும்புகளின் அளவில் முடியும். பிறந்த குழந்தைகளில் மூன்றாம் எலும்பு வரையும் இறங்கியிருக்கலாம். அதற்குக் கீழே நரம்பிழைகள் மட்டும் நீரில் மிதத்தலால், அவை பெரும்பாலும் ஊசிக்கு விலகிக் கொடுக்கும். ஊசி மேலிடத்தில் நுழையின் தண்டுவடமே காயமுற்று, காலில் நீங்காத மரப்போ தளர்ச்சியோ நேரலாம்.

இரு இடுப்பெலும்புகளின் உச்சிகளை இணைக்கும் கோடே வழக்கமான வழிகாட்டி. பிரெஞ்சு அறுவை மருத்துவர் டுஃபியேயின் பெயரால் வழங்கும் அக்கோடு, நான்காம் இடுப்பு முள்ளெலும்பையோ அதற்குக் கீழுள்ள இடைவெளியையோ கடப்பதாகப் பாடநூல்கள் கூறும். ஆயின் விரலுக்கும் எலும்புக்கும் இடையே தோலும் கொழுப்பும் இருத்தலால், தடவியறியும் கோடு மெய்யான கோட்டினும் மேலே அமைந்துவிடுகிறது.

இங்கிலாந்தில் 2000-ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், மயக்க மருத்துவர்கள் 100 பேரின் முதுகில் குறியிட்டு, அது எந்த இடைவெளி எனக் கூறினர். காந்த அதிர்வுப் படத்துடன் ஒப்பிட்டபோது 29 விழுக்காடே சரியாக இருந்தது. 51 விழுக்காட்டில் குறி அவர்கள் கருதியதற்கு ஓர் இடைவெளி மேலே இருந்தது. சிலவற்றில் நான்கு இடைவெளிகள் வரை மேலே இருந்தது. உட்கார்ந்த நிலையிலும், ஒருக்களித்து முழங்காலை மடக்கிய நிலையிலும் பிழை ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. உடற்பருமனே அதனை மிகுவித்தது.

எனினும், ஒரு நிலையில் இட்ட குறியை வேறு நிலையில் அப்படியே நம்புதல் ஆகாது. இதனை ஆசிரியர்கள் வகுப்பிலேயே காட்டலாம். நிமிர்ந்து நிற்கும் மாணவனின் இடுப்புக் குழிகளை இணைக்கும் கோட்டிலும், அதற்கு 10 செ.மீ. மேலேயும் மையால் குறியிடுக. அவன் முன்குனிந்தால் இவ்விடைவெளி ஏறத்தாழ 15 செ.மீ. ஆகும். ஷோபர் 1937-இல் வெளியிட்ட இம்முறை முதுகின் வளைவை அளக்கப் பயன்படுவது. குனிகையில் முள்ளெலும்புகளின் முனைகள் விலகுகின்றன, தோலும் நீள்கிறது, ஆனால் இரண்டும் ஒரே அளவாக நகர்வதில்லை. தோள்பட்டை எலும்பின் கீழ்முனையும் அத்தகையதே. கை தொங்கும்போது அது ஏழாம் அல்லது எட்டாம் மார்பு முள்ளெலும்பின் அளவில் நிற்கும், கையை உயர்த்தினால் வெளிப்புறமாக நகர்ந்துவிடும்.

ஆகவே, ஊசி செலுத்தும் நிலையிலேயே குறியிடுதல், ஐயம் தோன்றின் கீழ் இடைவெளியையே தேர்தல், பருத்த உடலினரிடத்தும் முதுகு கோணியவரிடத்தும் மீயொலிக் கருவியால் திருகெலும்பிலிருந்து மேல்நோக்கி எண்ணிச் சரிபார்த்தல் ஆகியவை தக்க முறைகள். மேற்குறி தேடலைத் தொடங்கும் இடத்தைக் காட்டுமேயன்றி, முடிவைச் சொல்லாது.