காலடித் தடம் இல்லாத பேய்

லாஸ் வேகஸ் நகருக்கு வெளியே ஒரு மணல் பள்ளம். அதில் ஒரு பெண்ணின் உடல். சுற்றிலும் காலடித் தடமே இல்லை. உடலில் ரத்தமும் இல்லை. இப்படி ஒரு காட்சியை எடுக்க என்ன செலவாகிவிடும்?

1972 ஜனவரி 11 அன்று அமெரிக்காவின் ஏ.பி.சி. தொலைக்காட்சி ஒளிபரப்பிய 'தி நைட் ஸ்டாக்கர்' இப்படித்தான் பயமுறுத்தியது. தொலைக்காட்சிக்கென்றே எடுத்த படங்களில் அதுவரை அத்தனை பேர் பார்த்த படம் வேறு இல்லை.

இந்த வகைப் படங்களுக்குக் காசும் குறைவு, நேரமும் குறைவு. விளம்பரங்களையும் சேர்த்து 90 நிமிடம். படம் மட்டும் ஒன்றேகால் மணி நேரம். விளம்பரம் எங்கே வரும் என்று தெரிந்துகொண்டுதான் திரைக்கதையே எழுத வேண்டும். ஒவ்வொரு இடைவேளைக்கு முன்பும் ஒரு பிணமோ சந்தேகமோ விழாவிட்டால் வீட்டில் இருப்பவர் வேறு சேனலுக்குப் போய்விடுவார். திரைக்கதை எழுதிய ரிச்சர்ட் மாதிசன் இதில் கைதேர்ந்தவர். ஸ்பீல்பெர்க்கின் 'டூயல்' படத்தை இதே 90 நிமிட நேரத்துக்கு எழுதியவரும் அவர்தான்.

வீட்டுக் கூடத்தில் ஓடும் படம் என்பதால் ரத்தத்தைக் கொட்டிக் காட்டவும் முடியாது. ரத்தமே இல்லாத பிணங்கள்தான் இங்கே மர்மம்! தயாரிப்பாளருக்கும் தணிக்கைக்காரருக்கும் இதைவிட வசதியான பேய் கிடைக்குமா?

பெரிய உத்தி வேறொன்று. கதையைச் சொல்பவன் கோல்சாக் என்னும் பத்திரிகை நிருபன். நாள், நேரம், இடம், செத்தவர் பெயர், வயது என்று குற்றச்செய்தி எழுதும் அதே தொனியில் டேப் ரெக்கார்டரில் பேசிக்கொண்டே போகிறான். எடுக்கக் காசில்லாத காட்சிகளை அந்தக் குரலே இட்டு நிரப்புகிறது. நம்ப முடியாத சங்கதிக்கு போலீஸ் ரிப்போர்ட்டின் நம்பகத்தன்மையும் வந்துவிடுகிறது. ரத்தக்காட்டேரியாக வரும் பாரி அட்வாட்டருக்கோ ஒரு வசனம்கூடக் கிடையாது, உறுமல் மட்டும்தான். அவர் திரையில் வருவதும் கொஞ்ச நேரமே. அவர் இல்லாத காட்சிகளில்தான் பயம் கூடுகிறது.

படம் வெற்றிபெற்றதும் 1973இல் இரண்டாம் பாகம் வந்தது. 1974இல் அதையே தொடராக்கி, வாரம் ஒரு புதுப் பேயைக் கொண்டுவந்தார்கள். வாராவாரம் உடையும் ஒப்பனையும் மாறினவே தவிர, பழைய பயம் திரும்பவில்லை. 20 அத்தியாயங்களோடு தொடர் நின்றுபோனது. பார்ப்பதென்றால் முதல் படத்தைப் பாருங்கள்.